வெட்டாமல் பழத்துக்குப் போகலாமா?

தாயம் ஆடத் தெரிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இந்தக் கேள்விக்கு விடை இருக்கும். ஆனால் ஒரே விடை இருக்காது. எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டியிருந்தால்தான் பழம் இருக்கும் உள்கட்டத்துக்குள் நுழையலாம் என்பார் ஒருவர். வெட்டாவிட்டால் என்ன, சுற்றி வந்துவிட்டால் போகலாம் என்பார் இன்னொருவர். வெட்ட முடியாத கட்டமான மலையில் அடுத்தவர் காய் உட்கார்ந்திருக்கும்போது நம் காயும் அங்கே ஏறலாமா? முதல் காயை இறக்கத் தாயம் வேண்டும், சரி. இரண்டாவது காய்க்கும் தாயமேதான் விழ வேண்டுமா, ஐந்து போதுமா? தொடர்ந்து மூன்று பன்னிரண்டு விழுந்தால் மூன்றையும் அள்ளிக்கொள்வதா, அத்தனையும் அழிந்துபோவதா? இப்படி ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் வீட்டுச் சட்டம் என்று சொல்வதில்லை. "தாயத்துல அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

சொந்த ஊரில் இருந்தவரை இது பெரிய சிக்கலாக இருந்திருக்காது. ஒரு ஊருக்கு ஒரு வழக்கம். பெண் கொடுத்த ஊருக்குப் போனால் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கடல் தாண்டி வந்து பல ஊர்க்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழே குடியேறும்போதுதான் எது சட்டம் என்ற கேள்வி தலைதூக்கும். அதற்கு மலேசியாவில் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, அங்கிருந்து உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் வரை தொடர்ந்து தோட்டங்கள்தான். 1917இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம் அது. (இதே துரை பிறகு மலாயா வாழ்க்கையை நாவலாக்கி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்.) ஆனால் வெகுகாலம் வட்டாரத்தின் சோறு பால்மரம் என்ற ரப்பர் மரத்திலிருந்துதான் வந்தது.

அந்த மரங்களுக்கு ஆள் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தார்கள். கங்காணி தன் ஊராரையும் உறவுமுறையையும் கட்டிக் கூட்டிவந்தவரை, அவர் கூட்டத்துக்குள் ஒரே ஊர் வழக்கம்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு கங்காணி இருப்பதில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தபிறகு புது ஆள் வரத்து ஏறக்குறைய நின்றது. தோட்டம் மாறிப் போனவர்கள், வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் என்று கலப்பெல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்தது. மருமகள் ஜெராம் பக்கத்திலிருந்து வந்திருப்பாள். மாமியார் வீட்டுத் தாயம் வேறாக இருக்கும். லயத்து வரிசைவீடுகளின் அஞ்சடித் திண்ணையில் கரித்துண்டால் கட்டம் கிழிப்பது வரை ஒன்றுதான். காய் நகர ஆரம்பித்த பிறகுதான் வம்பு.

விதி வாயில் மட்டுமே வாழ்ந்ததால் வந்த வினை இது, அச்சிட்ட நூல் ஒன்று இருந்திருந்தால் சண்டை வந்திருக்காது என்று யாருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சிட்ட நூல் இருந்தும் இதைவிடப் பெரிய குழப்பம் நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து குகையையும் பூதத்தையும் விவரிப்பார். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இன்று உலகமெங்கும் ஆடப்படும் வேடமேற்கும் ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் அந்தப் பெட்டிதான். அதை வாங்கிப் பிரித்தவர்களில் பலருக்கு எப்படி ஆடுவது என்றே புரியவில்லை.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பட்டியல் போடுகிறது. இந்த மூன்று புத்தகங்களில் குறைந்தது மூன்று குற்றம் தேறும். முதலாவது, குன்றக் கூறல். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்று புத்தகம் தெளிவாகச் சொல்லவில்லை. 1971இல் வந்த 'செயின்மெயில்' என்ற வேறொரு போர் விளையாட்டு நூல் வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் என்று எழுதியவர்கள் எண்ணிக்கொண்டார்கள். காட்டுவழிப் பயணத்துக்கோ இன்னொரு நிறுவனம் விற்ற 'அவுட்டோர் சர்வைவல்' என்ற ஆட்டத்தின் பலகையை வாங்கச் சொன்னார்கள்! இரண்டாவது, மாறுகொளக் கூறல். எல்ஃப் என்ற இனத்துப் பாத்திரம் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருக்கலாம், ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் மாறிக்கொள்ளலாம், நடுவில் மாறக்கூடாது என்கிறது ஒரு பக்கம். இரண்டின் பலனும் அதற்கு உண்டு, ஆயுதமும் மந்திரமும் இரண்டுமே கைவரும் என்கிறது இன்னொரு பக்கம். மூன்றாவது, மயங்க வைத்தல். ஒருமுறை சொன்ன மந்திரத்தை அன்றைக்கே திரும்பச் சொல்ல முடியாது. அப்படியானால் காலையிலேயே ஒரே மந்திரத்தை இரண்டு தடவை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா? ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு கட்சி உண்டானது.

இதற்குப் பிறகு நடந்தது நமக்குப் பழக்கமான கதை. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் ஓர் உரை, சேனாவரையர் ஓர் உரை, நச்சினார்க்கினியர் ஓர் உரை என்று கிளைத்ததுபோல, ஊருக்கு ஓர் உரையாசிரியர் முளைத்தார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தங்கள் சட்டங்களைத் திரட்டி 1975இல் 'வார்லாக்' என்று வெளியிட்டார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே மூலநூலைப் படித்துச் சலித்துப்போய், சாதாரண ஆறுமுகப் பகடையை மட்டும் வைத்து ஆடும்படி 'டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்று புது ஆட்டமே எழுதிவிட்டார், அதுவும் 1975தான். ஸ்டீவ் பெரின் சண்டைக்கென்று தனியாக வகுத்த முறைகள் 1976இல் பரவின. அவரே இரண்டு ஆண்டு கழித்து வந்த 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்தின் முதன்மை ஆசிரியரானார். நூலில் இருந்த ஓட்டைகள் வழியாகத்தான் ஒரு துறையே வெளியே வந்தது. இதில் எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது புத்தகத்தின் முடிவில், உங்கள் கற்பனை வேலையையும் நாங்களே ஏன் செய்து தர வேண்டும் என்கிற தொனியில் அவர்களே ஆடுபவர்களை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

இனி அஞ்சடிக்குத் திரும்பலாம். வீட்டுச் சட்டம் என்றால் மனம்போனபடி மாற்றிக்கொண்டது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தாயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அத்தனை எளிதான விஷயமில்லை என்று தெரியும்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் உருட்டினால் விழக்கூடிய வகை பதினாறு. ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒரு புள்ளியும் விழுந்தால்தான் தாயம்; அது பதினாறில் இரண்டு, அதாவது எட்டுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, பதினாறில் ஒன்று. ஐந்துக்கு இரண்டு வழி, ஆறுக்கு ஒரு வழி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான வழக்கம். கூட்டிப் பார்த்தால் பதினாறில் ஆறு.

ஆனால் எல்லா வீட்டிலும் பித்தளைக் கட்டை இருந்ததில்லை. கூலிக்காரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது புளியங்கொட்டை. நாலு கொட்டையைச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் போதும். ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். நாலும் வெள்ளையானால் நாலு. நாலும் கறுப்பானால் எட்டு. கொட்டை இரு பக்கமும் சமமாகவே விழும் என்று வைத்துக்கொண்டால் (தேய்த்த கொட்டை அத்தனை யோக்கியமானதல்ல, ஆனாலும் வைத்துக்கொள்வோம்), தாயம் விழுவது பதினாறில் நான்கு. நாலுக்கு ஒன்று!

ஆக, பித்தளைக் கட்டை வீட்டில் காயை இறக்கச் சராசரியாக எட்டு உருட்டு வேண்டும். கொட்டை வீட்டில் நாலு போதும். கொட்டையில் ஆடிப் பழகியவர் பித்தளைக்கு மாறினால் ஆட்டம் இழுக்கும், எதிராளி இரண்டு சுற்று வந்துவிடுவார், இவர் காய் இன்னும் கையிலேயே இருக்கும். இப்போது முதலில் கேட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள்: ஐந்து விழுந்தாலும் இரண்டாவது காயை இறக்கலாமா? பித்தளைக் கட்டையில் தாயமோ ஐந்தோ விழுவது பதினாறில் நான்கு. அதுவும் நாலுக்கு ஒன்றுதான். ஐந்துக்கு இறக்கலாம் என்ற சலுகை, பித்தளைக் கட்டையைக் கொட்டையின் வேகத்துக்கு அச்சாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மறு உருட்டிலும் இதே ஒற்றுமைதான். கொட்டையில் ஒன்று, நாலு, எட்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்றால் அதுவும் பதினாறில் ஆறுதான். யாரும் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடிய கைகளுக்கு ஆட்டம் எப்போது இழுக்கிறது, எப்போது சப்பென்று முடிகிறது என்று தெரியும். அப்படித் தெரிந்த இடத்தில் சட்டம் வளைந்திருக்கிறது என்பது என் ஊகம். கருவி மாறினால் விதி மாறும். விதியை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு கருவியை எழுதாமல் விட்டால் பிற்காலத்தவருக்கு அது காரணமில்லாத சலுகையாகத் தெரியும்.

பல்லாங்குழியிலும் இதைப் பார்க்கலாம், அங்கே இன்னொரு மொழியும் சேர்ந்துகொள்கிறது. நம் பலகையில் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து முத்து என்றால் எழுபது. விதைத்துக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். கம்பத்து மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக் பலகையிலும் சிறு குழி பதினான்குதான், ஆனால் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. அது அவரவர் 'ரூமா', வீடு. குழிக்கு ஏழு என்று தொண்ணூற்றெட்டு முத்து. விதைக்கும்போது சொந்த வீட்டிலும் ஒன்று போட வேண்டும். கடைசி முத்து வீட்டில் விழுந்தால் இன்னொரு ஆட்டம். சொங்காக்கில் பசு கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் முத்து மட்டும் இங்கே பொதுச்சொத்தாக இருந்தது: காய்ந்து வெடித்து விழும் ரப்பர் கொட்டை. புளியங்கொட்டையைவிடப் பெரியது, குழியில் சீக்கிரம் நிரம்பிவிடும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது அந்த இலவச முத்தும் போயிற்று.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அந்தப் பள்ளிகளின் தரத்தைப் பற்றிப் பெருமைப்பட அதிகமில்லை. ஆனால் மேல் லயமும் கீழ் லயமும் தினமும் ஒரே இடத்தில் கூட, வீட்டுச் சட்டங்கள் மோதி உரசும் சந்தையாக அது இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இந்த வழக்கைத் தீர்க்கும் விதம் பெரியவர்களைவிட நேர்த்தியானது. முதலில் பேசிக்கொள்வார்கள்: "எங்க வீட்ல வெட்டாம உள்ள போகக் கூடாது, உங்க வீட்ல?" ஒத்துவராவிட்டால் ஓசோம் (கைச்சைகையில் வெற்றி தோல்வி பார்ப்பது) போட்டு வென்றவர் வீட்டுச் சட்டம். நடு ஆட்டத்தில் ஒருவர் புதிதாக ஒரு சட்டத்தை எடுத்து வீசினால் அது அழுகுணி ஆட்டம். சட்டம் நியாயமா இல்லையா என்பது அங்கே பேச்சே அல்ல. முன்கூட்டியே சொன்னாயா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் லேக் ஜெனீவாவும் லயமும் பிரிகின்றன. அமெரிக்க ஆட்டத்தில் ஓட்டையை அடைப்பவர் நடுவர். இதற்கு முந்தைய பரம்பரை ஒன்று உண்டு. 1824இல் பிரஷ்யாவில் ராய்ஸ்விட்ஸ் வகுத்த 'க்ரீக்ஸ்ஸ்பீல்' போர் விளையாட்டில் விதிகள் மலைபோல் குவிய, 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். அது படைக்குச் சரி; அங்கே ஏற்கெனவே மேலதிகாரி உண்டு. தாயத்தில் நடுவர் கிடையாது. ஆடும் நால்வரும் எதிரிகள், அந்த நால்வர்தான் சட்டசபையும். வேடிக்கை பார்க்கும் பாட்டி ஒருத்தி தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அவளும் ஏதோ ஒரு வீட்டுக்காரிதான்.

தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமாகப் படவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதிலிருந்து பால் நிறுத்துக் கொடுப்பது வரை சட்டம் எல்லாம் மேலிருந்து வந்தது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி (எழுத்தர்) போடும் கோட்டுக்கு எதிர்க்கேள்வி இல்லை. அந்த விதிகளிலும் தெளிவின்மை நிறைய உண்டு. மழை வந்து வேலை பாதியில் நின்றால் கூலி எவ்வளவு, மரம் வற்றிப்போனால் யார் குற்றம் என்று எத்தனையோ. ஆனால் அந்த ஓட்டைகளை அடைக்கும் அதிகாரம் எப்போதும் ஒரே பக்கம் இருந்தது. விதி தெளிவாக இல்லாததைக் குறை என்பதா, வசதி என்பதா என்பது, அதை நிரப்பும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அஞ்சடித் தாயத்தில் அந்த உரிமை ஆடுபவர்களிடம் இருந்தது.

அமெரிக்காவில் அந்த உரிமையைத் திரும்பப் பிடுங்கும் முயற்சியும் நடந்தது. 1975இலேயே ஓரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக ஆட்டம் வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் புள்ளிக்காக மோதும்போது ஊருக்கொரு உரை உதவாது. 1977 முதல் 1979 வரை மூன்று தடித்த நூல்களாக 'அட்வான்ஸ்டு' பதிப்பு வந்தது. முன்பு கற்பனையை அவிழ்த்துவிட்ட அதே கைகாக்ஸ், எழுபதுகளின் முடிவில், இந்தப் பதிப்பு எங்கும் ஒரே மாதிரி ஆடப்பட வேண்டும், கண்டபடி மாற்றினால் அது இந்த ஆட்டமே அல்ல என்று வாதாடினார். போட்டிக்கு ஒழுங்கு வேண்டும் என்பதும் உண்மை, விற்பனைக்குச் சொந்தம் கொண்டாட வேண்டும் என்பதும் உண்மை. எது முந்தி என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆடியவர்களோ நூலை வாங்கினார்கள், தங்கள் சட்டத்தையும் விடவில்லை.

சடுகுடுவுக்கும் இதே வழிதான். அடிபட்டவர் மறுபடி உயிர்பெறும் சஞ்சீவனி, உயிரே பெறாத காமினி, ஆள் வெளியேறாமலே ஆடும் அமர் என்று பிரிந்து கிடந்ததை 1950இல் அமைந்த அகில இந்தியச் சம்மேளனமும் அதன் பின்வந்தவர்களும் ஒரே வடிவாக்கினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி என்ற பெயரில் அதற்கு இடம் கிடைத்தது அதனால்தான். கேரத்துக்கு 1988இல் சென்னையில் அனைத்துலகச் சம்மேளனமே உருவாயிற்று. இருந்தாலும் ரெட் காயைப் போட்ட கையோடு ஃபாலோ போடாவிட்டால் என்ன ஆகும், கட்டைவிரலால் அடிக்கலாமா என்று கிளப்புக்கு கிளப் தகராறு ஓயவில்லை. தாயத்துக்கோ சம்மேளனமும் இல்லை, ஆட்டத்தை விற்கும் முதலாளியும் இல்லை. அதன் சகோதர ஆட்டமான பச்சீசி மட்டும் இங்கிலாந்துக்குப் போய் லூடோவாகக் காப்புரிமை பெற்றது. நம் கடைகளில் தாயக்கட்டம் தேடினால் கிடைப்பது அந்த லூடோதான்.

வீட்டுச் சட்டங்களில் எனக்குப் பிடித்த ஒன்றை எந்தச் சம்மேளனமும் ஏற்காது: ஒப்புக்குச் சப்பாணி. அடம்பிடிக்கும் நாலு வயதுத் தம்பியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆட்டமும் கெடக்கூடாது. அவனுக்கும் ஒரு காய் கொடுப்பார்கள், அவனும் உருட்டுவான். அவனை யாரும் வெட்டமாட்டார்கள், அவன் வெட்டினாலும் செல்லாது. அவனுக்கு மட்டும் இது தெரியாது. ஒரே கட்டத்தில் இரண்டு சட்டம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. குடும்பத்தோடு ஆடும் வேடமேற்கும் ஆட்டங்களில் நடுவர் சின்னப் பிள்ளைக்காகப் பகடையை மறைத்து உருட்டுவதும் இந்த வகைதான்.

இப்போது லயங்கள் அதிகமில்லை. பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியது செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். கைபேசியில் தாயம் ஆடலாம். அதில் யாரும் யாரிடமும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை, செயலியை எழுதியவர் வீட்டுச் சட்டம்தான் எல்லாருக்கும்.

இந்த ஆட்டங்களைப் பதிவுசெய்ய இளைஞர்கள் இப்போது பாட்டிகளிடம் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரும்பாலான பதிவுகள் "தாயம் ஆடும் முறை" என்று ஒன்றை மட்டும் எழுதி முடித்துவிடுகின்றன. எச். ஜே. ஆர். மர்ரே 1952இல் உலகப் பலகை ஆட்டங்களைத் தொகுத்த காலத்திலிருந்தே, ஓர் ஆட்டத்தை ஒரு பத்தியில் அடக்கிவிடும் சபலம் இந்தத் துறையைத் தொற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டி சொல்வதை எழுதுங்கள்; எந்தத் தோட்டம், பிறந்த வீட்டுச் சட்டமா புகுந்த வீட்டுச் சட்டமா, கையில் இருந்தது பித்தளையா கொட்டையா, எத்தனை கொட்டை என்று கூடவே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடைய நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டாமல் உள்ளே போகலாமா என்று இருவரிடமும் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை அதற்குப் பிறகு அணைக்காதீர்கள்.